பிலவேந்திரன் கடைசியாகச் சொன்னது

1898 அக்டோபர் 11, செவ்வாய்

காலைப் பூசை முடிந்து வெளியே வந்தேன். எங்கும் அமைதியாக இருந்தது. கல் இடிக்கிற மில் நின்றுவிட்டதோ என்று பயந்துபோய், கோயில் வேலையில் எனக்குத் துணையான உபதேசியார் மாணிக்கராஜிடம் கேட்டேன். மில் நிற்பது என்றால் சுரங்கத்தில் ஏதோ பெரிய சங்கதி.

அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். “ஓடிக்கினுதான் கீது சாமி” என்றார்.

செருப்பைக் கழற்றித் தரையில் காலை வைத்துப் பார்த்தேன். அதிர்ந்தது. ஓடிக்கொண்டுதான் இருந்தது.

நான் இந்தக் கோரமண்டல் தங்கச் சுரங்கத்துக்கு வந்த வருஷம் அந்த இடியில் தூக்கம் வராமல் தலையணையைக் காதில் வைத்து அழுத்திக்கொண்டு படுத்திருக்கிறேன். இப்போது தலையணை வேண்டியதில்லை.

அக்டோபர் 15, சனி

பாவசங்கீர்த்தன நாள். ஜனங்கள் தங்கள் பாவத்தை என் காதில் சொல்லி மன்னிப்புப் பெற்றுப் போகிற நாள். அதற்கான மரக்கூண்டுத் தொட்டிக்குள் உட்கார்ந்தால் கம்பி வலைக்கு அந்தப் பக்கம் ஒரு நிழல், ஒரு மூச்சு, அவ்வளவுதான். முகம் பார்த்துப் பேசினால் உதட்டசைவில் முக்கால்வாசி பிடித்துவிடுவேன். குசுகுசுப்பு அறவே கேட்பதில்லை.

முன்பெல்லாம் “கொஞ்சம் பலமாகச் சொல்லம்மா” என்பேன். ஒருநாள் ஒரு பெண் பலமாகவே சொல்லிவிட்டாள். வெளியே வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அன்றிலிருந்து நான் யாரையும் பலமாகச் சொல்லச் சொல்வதில்லை. அந்தப் பக்கம் பேசி முடித்ததாகத் தெரிந்ததும் மூன்று அருள்நிறை மந்திரம் சொல்லச் சொல்லிப் பாவப்பொறுத்தல் கொடுத்து அனுப்புகிறேன்.

இது சரியா? சரியில்லை. தெரியும்.

பூசையில் தொந்தரவு இல்லை, லத்தீன் மாறாது. ஆனால் என் காது விஷயம் மேற்றிராணியாருக்கு, எங்கள் பிஷப்புக்கு, தெரிந்தால் பெங்களூரில் வயதான குருக்கள் இருக்கிற வீட்டில் ஒரு அறை கொடுப்பார். ஜன்னல் இருக்கும். அதில் மல்லிகைக்கொடிகூட இருக்கலாம். இங்கே தகரக் கொட்டகையில் பூசை வைத்த காலத்திலிருந்து ஞானஸ்நானம் கொடுத்து, காலராவில் புதைத்து, ஷிஃப்டுக்கும் ஷிஃப்டுக்கும் நடுவில் கலியாணம் செய்துவைத்த ஜனங்களை விட்டுவிட்டு நான் அந்த மல்லிகையை வைத்துக்கொண்டு என்ன செய்வேன்?

அக்டோபர் 24

மழை. கோயில் ஒழுகுகிறது. பள்ளிக்கூடம் இல்லை.

நவம்பர் 3, வியாழன்

நேற்றுதான் கல்லறைத் திருநாளுக்குக் கல்லறைகளை மந்திரித்துவிட்டு வந்தோம். இன்று பதினொரு மணி வாக்கில் மாணிக்கராஜ் ஓடிவந்தார். சுரங்க ஷாஃப்டுக்குள் பாறை சரிந்து இரண்டு பேர் போய்விட்டார்கள். மூன்றாவது ஆள் பிலவேந்திரனை உயிரோடு கேஜில், அந்த இரும்புக் கூண்டில், மேலே ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்திருந்தார்கள். ஆரணிப் பக்கத்து ஆள், முப்பது வயதுகூட இருக்காது. பாட்டுப் பாடத் தெரிந்தவன். இடுப்புக்குக் கீழே ஒன்றும் மிச்சமில்லை.

அவன் பெண்சாதி தாயம்மா கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு கிடந்தாள். நான்தான் எல்லோரையும் வெளியே போகச் சொன்னேன். பாவசங்கீர்த்தனம் கேட்கவேண்டுமே. அவளையும் போகச் சொன்னேன். கம்பவுண்டர் கைத்தாங்கலாக அழைத்துப் போனார்.

பிலவேந்திரன் என் அங்கியைப் பிடித்து இழுத்துக் காதோடு வாயை வைத்துச் சொன்னான். வெகுநேரம் சொன்னான். அவன் மூச்சின் சூடு காதில் பட்டது. வேறு ஒன்றும் வரவில்லை. ஒரு வார்த்தைகூட இல்லை. வலது காதைக் காட்டினேன். அதிலும் இல்லை. முகத்தைப் பார்க்கலாம் என்று தலையை நிமிர்த்தினால் விடமாட்டேன் என்கிறான், திரும்ப இழுத்துக்கொள்கிறான். பிறகு கை தளர்ந்தது.

பாவப்பொறுத்தல் கொடுத்தேன். எண்ணெய் தொட்டு அவஸ்தைப்பூசுதல் கொடுத்தேன். அதில் குறையில்லை, சாகிறவனுக்கு அது போதும் என்று திருச்சபை சொல்கிறது.

கதவைத் திறந்தபோது தாயம்மா என் முகத்தைத்தான் பார்த்தாள்.

நவம்பர் 4

மூன்று குழிகள். நம்முடையது ஒன்று. ஆபிரகாம் போதகர் சபையார் ஒருவரை அடக்கம் செய்தார்கள். ஸ்கெலட்டன் லைன் கூலி வீடுகளிலிருந்து மூன்றாவது ஊர்வலம் தப்பட்டையோடு போனது. தப்பட்டையும் என் காலுக்குத்தான் கேட்டது.

நவம்பர் 7

தாயம்மா வந்தாள். கோயில் வாசற்படியில் உட்காராமல் நின்றுகொண்டே பேசினாள். எதிரில் நின்றதால் எல்லாம் புரிந்தது.

“அவரு உங்க காதாண்ட ரொம்ப நேரம் பேசிகினு இருந்தாரு. ஜன்னல்ல பாத்தேன். பாவம் இன்னான்னு நான் கேக்கல சாமி. அது எனக்கு வேணாம். எனக்குன்னு ஏதாச்சும் சொன்னாரா?”

நான் என்ன செய்தேன்? அப்படியே எழுதிவைக்கிறேன். “பாவசங்கீர்த்தனத்தில் சொன்னதைக் குருவானவர் வெளியே சொல்லக் கூடாதம்மா” என்றேன்.

அவள் தலையை ஆட்டினாள். ஸ்தோத்திரம் சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

பொய் சொல்லவில்லை. உண்மையில் அது சட்டம்தான். அப்படியானால் ஏன் இன்று சாப்பாடு இறங்கவில்லை?

நவம்பர் 19, சனி

பிலவேந்திரனுக்கு முப்பதாம் நாள் பூசை என்றைக்கு வைக்கலாம் என்று கேட்டுவர மாணிக்கராஜை அனுப்பினேன். திரும்பி வந்ததும் தரையைக் கூட்ட ஆரம்பித்தார். உபதேசியார் தானே துடைப்பத்தை எடுத்தால் வாயில் ஏதோ இருக்கிறது என்று அர்த்தம். பிடித்து உட்காரவைத்துக் கேட்டேன்.

“பூச வேணான்னுச்சு சாமி.”

“ஏன்?”

“அவங்க ஓரகத்தி ஊர்லேர்ந்து வந்துகீது. அது இன்னமோ சொல்லுது. பிலவேந்திரன் வருசா வருசம் அறுப்புக்கு ஊருக்குப் போய் ஒரு மாசம் தங்கிகினு வந்தாரில்ல. அங்க வேற ஊடு கீதாம். சாவுற நேரத்துல அத்தத்தான் சாமிகிட்ட சொல்லியிருப்பாருன்னு... அதான் சாமி வாயத் தொறக்கலயாம்.”

“தாயம்மா நம்புகிறாளா?”

“மொதல்ல நம்பல. இப்ப ‘சொல்லக் கூடாதுன்னா, சொல்லக் கூடாதது இன்னாமோ கீதுன்னுதானே’ன்னு கேக்குது. நான் இன்னா சாமி பதில் சொல்றது?”

லைன் முழுக்கப் பேச்சாகிவிட்டதாம். தண்ணீர்க் குழாயடியில் பெண்கள் அவளைக் கண்டால் பேச்சை நிறுத்துகிறார்களாம்.

நவம்பர் 20

என் காதின் குறையை மறைக்கப்போய், செத்தவனின் மானம் போகிறது.

சொல்லிவிடலாமா? என்ன சொல்வது — ‘உன் பேரைச் சொன்னான், உன்னைப் பார்த்துக்கொள்ளச் சொன்னான்’ என்று? அழகான பொய். அவளும் அழுது தீர்த்துவிட்டுச் சமாதானமாகிவிடுவாள். பேச்சும் நிற்கும். நானும் இங்கேயே இருக்கலாம். யாருக்கு நஷ்டம்?

நாலு தரம் எழுந்து போய் அங்கியை மாட்டிக்கொண்டு நாலு தரமும் கழற்றிவைத்தேன்.

அவன் எதையோ நிஜமாகவே சொன்னான். அதற்குப் பதிலாக நான் ஒன்றை இட்டுக்கட்டி அவன் வாயில் வைக்கலாமா? அதுவும் நான் பிரசங்கம் செய்கிற வாயால்?

நவம்பர் 22, செவ்வாய்

போனேன். மாணிக்கராஜ் கூட வந்தார். ஓரகத்தி சோறு வடித்துக்கொண்டிருந்தாள். தாயம்மா எழுந்து நின்றாள். சுற்றி வளைக்கத் தெரியவில்லை எனக்கு.

“அம்மா, எனக்குக் காது கேட்காது. எதிரில் நின்று பேசினால் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வேன். பிலவேந்திரன் காதில் சொன்னான். எனக்கு ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை. அதை உன்னிடம் சொல்லப் பயந்துகொண்டு சட்டத்தைச் சொன்னேன். அவன் நல்லதும் சொன்னதாகத் தெரியாது, கெட்டதும் சொன்னதாகத் தெரியாது. வேறு வீடு என்பதெல்லாம் யாரோ சொன்னது. என் மௌனத்துக்கு அந்த அர்த்தம் கிடையாது.”

அவள் மெதுவாகப் பேசினாள். மெதுவாகப் பேசியதால்தான் உதடு நன்றாகப் புரிந்தது.

“இத்தினி நாளா நான் அவர திட்டிகினு இருந்தேன் சாமி. படுக்கும்போதும் திட்டிகினு இருந்தேன். செத்தவர.”

“தெரியும் அம்மா.”

“தெரியாது உங்களுக்கு. அப்ப அவரு யார்கிட்டதான் சொன்னாரு?” என்றாள்.

“சர்வேசுரனிடம்.”

“அவருகிட்ட நான் எங்க போய்க் கேக்கறது? உங்களாண்டதானே வரணும்.”

“அன்னிக்கி என்னையாச்சும் உள்ள உட்டிருக்கலாமில்ல?” என்று கேட்டாள். ஓரகத்தி சோற்றுப் பானையை நிமிர்த்தாமல் அப்படியே நின்றுகொண்டிருந்தாள்.

தாயம்மா வாங்க என்றும் சொல்லவில்லை, போங்க என்றும் சொல்லவில்லை. நாங்களாக வந்துவிட்டோம்.

நவம்பர் 27, ஆகமனகாலத்தின் முதல் ஞாயிறு

பிரசங்கத்தில் சபைக்கே சொல்லிவிட்டேன். இனிமேல் பாவசங்கீர்த்தனத் தொட்டியில் உட்காரமாட்டேன், மேற்றிராணியாரிடம் போகிறேன், என் செவிட்டுத்தனத்தை மறைத்ததற்கு என்னை மன்னியுங்கள் என்றேன்.

ஒருவரும் ஆச்சரியப்படவில்லை. முன்வரிசையில் ரத்தினம்மா எழுந்து என் முகத்துக்கு நேராக வாயை அகலத் திறந்து கத்தினாள்: “எங்களுக்குத் தெரியாதா சாமி? ரெண்டு வருசமாத் தெரியும்.” பின்னால் ஆண்கள் பக்கம் சிரிப்பு. பாவத்தைச் சொல்லத் தைரியமில்லாதவர்களெல்லாம் எனக்குக் கேட்காது என்பதற்காகவே என்னிடம் வந்தார்களாம். மனசு உறுத்தியவர்கள் மாரிகுப்பத்துக்கு நடந்துபோய் அங்கே பாவசங்கீர்த்தனம் செய்தார்களாம்.

மாணிக்கராஜிடம் கோபித்துக்கொண்டேன். தெரிந்தும் ஏன் யாரிடமும் சொல்லவில்லை?

“சொன்னா உங்கள பெங்களூருக்கு இட்டுனு போயிடுவாங்க” என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. அதற்குமேல் என்ன கோபிப்பது?

தாயம்மா வரவில்லை.

டிசம்பர் 1

பெங்களூர். மேற்றிராணியார் கோபிக்கவில்லை, அதுவே கஷ்டமாக இருந்தது. என் எதிரில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு முகத்துக்கு நேராக நிதானமாகச் சொன்னார். இன்றுமுதல் பாவசங்கீர்த்தனம் கேட்கக் கூடாது. ஒரு இளம் குருவை அனுப்புகிறார். கோயில் அவர் பொறுப்பு. அவருக்கு இடம் பழகும்வரை நான் கூட இருக்கலாம். அப்புறம் பார்க்கலாம் என்றார்.

வயதான குருக்களின் வீட்டையும் காட்டினார்கள். மல்லிகை இல்லை. வேப்பமரம்.

டிசம்பர் 3

முப்பதாம் நாள் பூசை வைத்தேன். யாரும் கேட்காமல் நானே வைத்தேன். திரும்பி ஆசீர்வாதம் கொடுக்கும்போது பார்த்தேன், கதவோரம் தாயம்மா. முடிவதற்குள் போய்விட்டாள்.

டிசம்பர் 12

தாயம்மா இருக்கிற லைன் வீடு கம்பெனி வீடு. வேலைக்குப் போகிற ஆள் இல்லாத வீட்டைக் காலி செய்யவேண்டும். ஓரகத்தி ஊருக்குக் கூப்பிடுகிறாள். தாயம்மாவுக்குப் போக இஷ்டமில்லை என்று மாணிக்கராஜ் சொன்னார்.

சுரங்கத்துக் கேப்டன் துரையிடம் போனேன். இப்படி எத்தனையோ பேருக்காக அவர் வராந்தாவில் நின்றிருக்கிறேன். தாடி மீசைக்குள் அவர் உதடே தெரியாது. மாணிக்கராஜ்தான் எனக்குத் திருப்பிச் சொன்னார். முதலில் முடியாது. பிறகு யோசிப்போம். நான் நகரவில்லை. கடைசியில் ஆஸ்பத்திரியில் ஆயா வேலை, அதே வீட்டிலேயே இருக்கலாம் என்றார்.

மாணிக்கராஜை அனுப்பிச் சொல்லச் சொன்னேன். நான் போகவில்லை. நன்றி வாங்கிக்கொள்ளப் போவதுபோல் இருக்கும்.

1899 ஜனவரி 9

சிரில் சாமியார் நேற்று வந்து சேர்ந்தார். இருபத்தெட்டு வயது. நல்ல பிள்ளை. வந்த முதல் இரவே தூங்கவில்லை, கண் சிவந்திருந்தது. தலையணையைக் காதில் அழுத்தச் சொல்லிக்கொடுத்தேன்.

ஜனவரி 14, சனி

தொட்டிக்கு முன்னால் நீண்ட வரிசை. உள்ளே அவர். நான் வெளியே பெஞ்சியில் உட்கார்ந்து செபமாலை சொன்னேன். மனசு இலேசாக இருந்தது. கொஞ்சம் பொறாமையும்.

மார்ச் 5

தினமும் ஆஸ்பத்திரிக்குப் போகிறேன். சிரிலுக்குக் கோயிலும் பள்ளிக்கூடமும் சரியாக இருக்கிறது. அடிபட்டவர்கள் பக்கத்தில் உட்காருவதற்குக் காது வேண்டியதில்லை என்று நினைத்தேன். ஆனால் அவர்களோ பேசுகிறார்கள். நம் கோயில், அவர்கள் கோயில் என்றில்லாமல் எல்லோரும் என்னிடம் எதையாவது சொல்கிறார்கள். நான் கேட்டதுபோலத் தலையை ஆட்டுகிறேன். பழைய பாவம் போகவில்லை.

இன்று அப்படித் தலையை ஆட்டிக்கொண்டிருந்தபோது யாரோ என் தோளைத் தட்டினார்கள். தாயம்மா. கையில் வாளி.

“தண்ணி கேக்கறாரு” என்று என் முகத்துக்கு நேராக வந்து சொன்னாள். “நீங்க இன்னா, சரி சரின்றீங்க.”

அன்று அவள் வீட்டுக்குப் போய்வந்த பிறகு, அவளாக என்னிடம் பேசியது இன்றுதான்.

மே 21

மேற்றிராணியார் வந்தார். சிரில் என்ன சொன்னாரோ, நான் இங்கேயே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஆகஸ்ட் 17, வியாழன்

பாலகாட் சுரங்கத்திலிருந்து ராஜப்பா என்பவனைக் கொண்டுவந்தார்கள். மாரியம்மன் கோயில் பக்கத்து ஆள், நம் சபை இல்லை. கால் நசுங்கியிருந்தது. பெண்சாதி பிரசவத்துக்கு ஊருக்குப் போயிருக்கிறாள். டாக்டர் அறுக்கப்போவதாகச் சொல்லி எல்லோரையும் விலகச் சொன்னார். ராஜப்பா என் கையைப் பிடித்துக்கொண்டு எதையோ சொன்னான். விடாமல் சொன்னான்.

தாயம்மா வாளியை வைத்துவிட்டு வந்தாள். அவன் வாயருகே குனிந்து கேட்டாள். இந்த ஐந்து மாதமாக இதுதான் ஏற்பாடு. யாரும் செய்துவைத்ததல்ல. அவன் முடிக்கும்வரை பொறுமையாகக் கேட்டுவிட்டு நிமிர்ந்து, என் முகத்துக்கு நேராக, வார்த்தை வார்த்தையாகச் சொன்னாள்.

“ஊட்டாண்ட வெறகு காயப்போட்டு வந்தாராம். மழ வரமாரி கீதாம். எட்து உள்ள வெக்கச் சொல்றாரு.”

“அவ்வளவுதானா?”

“அவ்ளோதான்.”

“வைத்துவிடுகிறேன்” என்று ராஜப்பாவிடம் சொன்னேன். கையை விட்டான். உள்ளே கொண்டுபோனார்கள். பிழைத்துக்கொள்வான் என்கிறார் டாக்டர்.

வேலை முடிந்து தாயம்மாவும் என்னோடு வந்தாள். பாலகாட் லைனில் விசாரித்து அந்த வீட்டைக் கண்டுபிடித்தோம். வாசல் முழுக்கச் சவுக்கு விறகுத் துண்டுகள். நான் அடுக்கிக் கொடுக்க அவள் உள்ளே கொண்டுபோய் வைத்தாள். பாதி முடிந்திருக்கும், ஒரு கட்டையைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள்.

“அவரும் இந்த மாரி ஏதாச்சும்தான் சொல்லியிருப்பாரு, இல்ல சாமி?”

என் முகத்துக்கு நேராக நின்று கேட்டாள்.

“இருக்கும் அம்மா” என்றேன்.

மீதி விறகையும் எடுத்து வைத்துவிட்டுக் கதவைச் சாத்தினோம். மழை வரவில்லை.