பத்துக்கு மூன்று

பாய்,

உன் ஸ்டீரியோ என் வீட்டுக்கு வந்து மூன்று வாரமாகிறது. மேற்கு மாம்பலத்து ஹாலில் அதற்கு இடம் வேண்டுமென்று என் மனைவி ஒரு நாற்காலியை மொட்டை மாடிக்கு அனுப்பிவிட்டாள். இத்தனை வருஷமாக நான் உட்கார்ந்து வந்த நாற்காலி அது. ஸ்பீக்கருக்கு உன் வீட்டம்மா தைத்துப் போட்ட பச்சை வெல்வெட் உறையைக் கழற்றினேன். உன் சட்டைக் காலரில் அடிக்குமே, அந்த அத்தர் வாசனை குப்பென்று வந்தது. உறையைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் சும்மா நின்றேன். அப்புறம் அடுக்கடுக்காகத் தும்மினேன், அவ்வளவு தூசி.

நீ காலமான பிறகு உன் பெண் அம்மாவை அடையாறுக்குத் தன்னோடு அழைத்துக்கொண்டு போய்விட்டாள். போகும்போது, "அத்தா இத உங்களுக்குத்தான் குடுக்கச் சொன்னாரு அங்கிள்" என்று மெஷினை ஆட்டோவில் ஏற்றி அனுப்பினாள். கூடவே உன் நாலு நீள நோட்டுகளும் வந்தன. மெஷின் எனக்கே எனக்கு, நோட்டுகள் இரவல். அவற்றைப் புத்தகமாக அச்சடித்து உன் சிநேகிதர்களுக்கெல்லாம் கொடுக்கப் போகிறாளாம். நான் பிழை பார்த்து, முன்னுரையும் ஒரு பக்கம் எழுதித் தர வேண்டும். மூன்றாவது ஞாயிறு வந்து வாங்கிக்கொள்வதாகச் சொல்லியிருந்தாள்.

உன் நோட்டைத் தெரியாதவர்கள் நம் ஆபீசில் யார்? சினிமாப் பாட்டோ, கச்சேரியோ, கஜலோ, ஆல்பத்தைக் கேட்டு முடித்த கையோடு பத்துக்கு இத்தனை என்று மார்க் போடுவாய். கீழே நாலு வரி விமர்சனம். நம் மூன்றாவது மாடியிலிருந்து கேசட் வாங்கப் போகிறவன் எவனும் உன் மேஜைக்கு வந்து கேட்காமல் போனதில்லை. "ஆறுக்குக் கீழ வாங்கினத தொடாத நைனா, காது கெட்டுப்பூடும்" என்பாய். என்னிடம் இருந்தது ஒற்றை ஸ்பீக்கர் வைத்த டேப் ரெக்கார்டர். அதற்கு நீ வைத்த பெயர் டப்பா. நான் வாயைத் திறந்தால் போதும், "டப்பால கேட்டுட்டு கருத்து சொல்லாத. ஸ்டீரியோல கேளு, அப்ப தெரியும்" என்று அடக்கிவிடுவாய். நானும் அடங்கிப்போவேன்.

ஒரே ஒரு தடவைதான் அடங்கவில்லை. அந்தக் கனகாம்பர நிற அட்டை கேசட் விஷயத்தில்.

சென்னைக்கு வந்த புதிதில் திருவல்லிக்கேணி மேன்ஷனில் மஞ்சள் காமாலையோடு படுத்துக் கிடந்தபோது, பக்கத்து அறைக்காரர் தினமும் ஒரு அம்மாள் பாடிய அந்தக் கச்சேரிக் கேசட்டைப் போடுவார். ஊரில் யாருக்கும் தகவல் சொல்லவில்லை. மோரும் அந்தக் குரலும்தான் துணை. பிழைத்து எழுந்ததும் முதல் சம்பளத்தில் அந்தக் கேசட்டை வாங்கினேன். இதையெல்லாம் உன்னிடம் சொல்லித்தான் கேட்கக் கொடுத்தேன். மறுநாள் நீ நோட்டைத் திறந்து காட்டினாய்: "பாடகி பக்கத்துத் தெருவில் பாடுகிறார். வயலின்காரர் நம் வீட்டில் அவருக்காகக் காத்திருக்கிறார். பத்துக்கு மூன்று."

எட்டு மாதம் உன்னோடு நான் பேசவில்லை. எதிரெதிர் மேஜை. ஃபைல் வேண்டுமென்றால் நடுவில் இருந்த டைப்பிஸ்ட் அம்மாவிடம், "அவர்கிட்ட கேளுங்க" என்பேன். இரண்டு முழத் தூரத்துக்கு அந்த அம்மா தூது போய்ச் சலித்துப்போனாள். கடைசியில் நீதான் ஒரு சாயங்காலம் மாம்பலம் ஸ்டேஷன் படிக்கட்டில் வழி மறித்து, "இன்னொரு வாட்டி குடு, கேட்டுப் பாக்கிறேன்" என்றாய். கொடுத்தேன். இரண்டு நாள் கழித்துத் திருப்பிக் கொடுக்கும்போது உன் முகம் தேர்வில் தவறிய பையன் முகம் மாதிரி இருந்தது. "மூணுதான் வருது நைனா. நா இன்னா பண்றது?" எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதோடு சண்டை தீர்ந்தது. மனத்தாங்கல் மட்டும் அடியில் கிடந்தது.

இப்போது மெஷினுக்கு வருகிறேன். உன் வீட்டில் இடம் இல்லாமல் இரண்டு ஸ்பீக்கரையும் பீரோ மேல் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, சேர்த்து ஒரே உறை போட்டு வைத்திருந்தாய். யாரும் கிட்டே போகக்கூடாது என்பது சட்டம். நான் இங்கே ஆளுக்கொரு மூலையாக வைத்துப் போட்டேன். இடது மூலை பாடியது, வலது மூலை கம்மென்று இருந்தது. வடபழனியிலிருந்து மெக்கானிக் வந்து பின்பக்கத்தைப் பார்த்தார்.

"சார், இது ரிப்பேர் இல்ல. யாரோ வேணும்னே ஒயர கட் பண்ணி, டேப் சுத்தி வச்சிகீறாங்க. ரொம்ப வருசம் ஆயிருக்கும் போலகீது. ஸ்டீரியோல ஆளுக்கொரு பொட்டில பிரிஞ்சு வரும் சார், வலது பொட்டில வர்றது எதுவும் இத்தினி வருசமா கேட்டிருக்காது."

உன் வீட்டம்மாவுக்கு ஃபோன் போட்டேன். மெக்கானிக் சொன்னதைச் சொன்னேன்.

"நாந்தான் அண்ணே வெட்டினேன்" என்றார். "புள்ள பொறந்த புதுசு. மேல இருந்த பொட்டி அலறிக்கினே கீது, புள்ள தூங்க மாட்டேங்குது. பாதி கேட்டா போதாதா அவருக்கு?"

"அவன் கண்டுபிடிக்கலையா?"

"இன்னிக்கு கண்டுபிடிப்பாரு, நாளைக்கு கண்டுபிடிப்பாருன்னு பாத்தேன். எங்க? அவரு பாட்டுக்கு நோட்டு நோட்டா எழுதிட்டாரு. அப்பறம் எப்படி சொல்றது? பொண்ணுகிட்ட நீங்களும் சொல்லிடாதீங்க அண்ணே."

நோட்டை முதலிலிருந்து படித்தேன். முதல் பத்துப் பக்கம் எட்டும் ஒன்பதுமாக அள்ளி விட்டிருக்கிறாய். உன் பெண் பிறந்த மாதத்திலிருந்து தமிழ்நாட்டில் இசை சீரழிந்துவிட்டது. "முன்னைப் போல யாரும் மனசு வைத்து வாசிப்பதில்லை" என்று வருத்தப்பட்டு ஒரு முழுப் பக்கம் எழுதியிருக்கிறாய். வீணையும் புல்லாங்குழலும் சேர்ந்த ஆல்பத்துக்கு, "அட்டையில் இரண்டு பேர். ஒருவர் ஃபோட்டோவுக்கு மட்டும் வந்துவிட்டுப் போய்விட்டார். நாலு." ஒரு சினிமா ஜோடிப் பாட்டுக்கு, "அவன் கேட்டுக்கொண்டே இருக்கிறான், பெண் பதிலே சொல்லவில்லை. விருப்பமில்லாத பெண்ணை ஏன் தொந்தரவு செய்ய வேண்டும்? இரண்டு."

எல்லாவற்றுக்கும் மேல் அந்தத் தனி ஆவர்த்தனம். மிருதங்கமும் கடமும் மாற்றி மாற்றி வாசித்தது. அதற்கு ஒன்பதரை. "வாசிக்காமல் இருக்கத் தெரிந்தவனே வித்வான்" என்று எழுதி இரண்டு கோடு போட்டிருக்கிறாய். அன்றைக்கு நானும் உன் பக்கத்தில்தான் இருந்தேன். மிருதங்கம் நிற்கும்போதெல்லாம் நீ கண்ணை மூடி, "பாத்தியா, கைய எப்படி கட்டிப் போட்டுக்கினான்" என்றாய். எல்லாவற்றையும் ஒரே ஸ்பீக்கரில் கலந்து தரும் என் டப்பாவில் அந்த இடமெல்லாம் கடம் பிய்த்து உதறும். விலை கூடிய மெஷின் தேவையில்லாததை வடிகட்டிவிடும் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு நானும் தலையாட்டினேன். நம் இருவரில் பெரிய முட்டாள் யாரென்று இன்னும் முடிவாகவில்லை.

சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. அப்புறம்தான் பயம் வந்தது. இதை அச்சடித்தால் என்ன ஆகும்? விஷயம் தெரிந்த நாலு பேர் படித்தால், கடம் இல்லாத தனியைப் புகழ்ந்த ஆள் என்று உன்னைக் காலத்துக்கும் சிரிப்பார்கள். மார்க்கைத் திருத்தலாமா? திருத்தினால் அது உன் நோட்டு இல்லை. வேண்டாம் என்று சொன்னால் உன் பெண் ஏனென்று கேட்பாள். ஏனென்று சொன்னால், தன் தூக்கத்துக்காக அப்பாவின் சங்கீதம் பாதியானது என்று அவளுக்குத் தெரிந்துவிடும். முன்னுரையில் ஒரு வரிகூட நகரவில்லை.

சனிக்கிழமை மத்தியானம் ஒன்று தோன்றியது. மெக்கானிக் ஒட்டிவிட்டுப் போன வலது பக்க ஒயரை நானே கழற்றினேன். இடது ஸ்பீக்கரை மட்டும் வைத்து என் கேசட்டைப் போட்டேன். நீ கேட்ட மாதிரியே கேட்டுவிடலாம் என்றுதான்.

வயலின் ஒரு சின்னப் பிடி வாசித்துவிட்டு நின்றது. தம்புரா ஓடியது. எங்கோ பக்கத்துத் தெருவிலிருந்து வருகிற மாதிரி அந்தக் குரல் ஒரு நூலளவு கேட்டது. மறுபடி வயலின், மறுபடி தம்புரா. முப்பது நிமிஷம். நோயாளியாகக் கிடந்த என்னை எழுப்பி உட்கார வைத்த பாட்டு அதில் எங்குமே இல்லை. ஒரு வரிகூட நீ பொய்யாக எழுதவில்லை, பாய். கேட்காத கடத்தைக் கேட்டதாக எழுதவில்லை, சிநேகிதனுக்குப் பிடித்த குரலைக் கேட்டதாகவும் எழுதவில்லை. கேட்டதை மறைத்துத் தலையாட்டினவன் நான்தான்.

பென்சிலை எடுத்து மார்க் போட்டுப் பார்த்தேன். எவ்வளவு தாராளமாகப் போட்டாலும் ஒன்றுக்கு மேல் வரவில்லை. அதுவும் தம்புராவுக்கு.

அன்றைக்கே முன்னுரை எழுதி முடித்தேன். கேட்டதை மட்டும் எழுதியவர் என்று நாலே வரி. மார்க்குகளில் கை வைக்கவில்லை. சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளட்டும்.

ஞாயிறு உன் பெண் வந்தாள். நோட்டைப் புரட்டிக்கொண்டே வந்தவள் ஓரிடத்தில் நிறுத்தி, "இது உங்க கேசட்டுதானே அங்கிள்? அம்மா சொல்லிருக்காங்க. அத்தா ரொம்ப கஞ்சம், உங்களுக்குப் போய் மூணு போட்டிருக்காரே" என்றாள்.

"இல்லம்மா" என்றேன். "ரெண்டு மார்க் கூடத்தான் போட்டிருக்காரு."

அவள் நான் ஏதோ தமாஷ் பண்ணுகிறேன் என்று சிரித்தாள். காப்பி கொண்டுவருகிற சாக்கில் உள்ளே போய்விட்டேன். அரை மார்க்கைக்கூட யாருக்கும் சும்மா கொடுக்காத ஆள் நீ. அந்த இரண்டைக் கொடுத்துவிட்டு, எதிர் மேஜையில் எட்டு மாதம் வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தாயே பாய்.