சரிக்குச் சரி ஊதிய ஆட்டம்

மே 3, சனி

வெயில் கொளுத்துகிறது. கரிசல் தூசி கல்லாப்பெட்டி வரை. மிளகாய் வத்தல் வரத்து குறைவு, வந்ததிலும் ஈரம். ஒரு வண்டியைத் திருப்பி அனுப்பினேன்.

நாளை முதல் முறையாக ஹாக்கிப் போட்டி ஆட்டத்துக்கு நான் நடுவர். எடுத்து வைத்தவை: விசில் இரண்டு, பச்சை அட்டை, மஞ்சள் அட்டை, குளுக்கோஸ், கறுப்புக் கால்சட்டை (இடுப்பு பிடிக்கிறது).

வீட்டில் கேட்டாள்: "கடையில கத்துறது பத்தாதா? அங்கன போயி ஊதவும் வேணுமாக்கும்?" நான் பத்தாம் வகுப்போடு ஹாக்கி மட்டையை வைத்துவிட்டு மூட்டை தூக்கப் போனவன். ஐம்பத்திரண்டு வயதில் இனி ஆட முடியாது. மைதானத்துக்குள் நிற்க வேறு வழியும் இல்லை. இந்த ஊரில் ஆடத் தெருவுக்குத் தெரு ஆள். ஊதத்தான் ஆள் இல்லை. திட்டு வாங்க யார் வருவார்?

மே 4, ஞாயிறு

உள்ளூர் அணிக்கும் புதியம்புத்தூர் தையல்கடைப் பையன்களுக்கும் ஆட்டம். மைதானத்தில் ஒரு பாதி எனக்கு, மறு பாதி மூத்த நடுவர் தங்கராஜ் அண்ணாச்சிக்கு.

தொடங்கிய கொஞ்ச நேரத்தில் புதியம்புத்தூர்ப் பையன் காலில் பந்து பட்டது, தப்பு என்று ஊதினேன். பட்டது மட்டையில். ஆட்டம் நகர்ந்த பிறகுதான் உறைத்தது. அதற்குள் உள்ளூருக்குப் பெனால்டி கார்னர், கோல். வெளியிலிருந்து ஒரு குரல்: "வத்தல் கடைக்காரரு சொந்த ஊருக்கு ஊதுதாரு, பாத்துக்கோங்கலே!"

கடையில் ஒரு மூட்டை தரம் குறைந்தால் அடுத்த மூட்டையில் விட்டுக்கொடுத்து முடித்துவிடுவேன். இருவருக்கும் திருப்தி. அந்தப் புத்தி.

இடைவேளைக்குப் பின் அணிகள் பக்கம் மாறின. இப்போது என் பக்கத்தில் தடுப்பது உள்ளூர். தடுப்பாட்டக்காரப் பையன் இசக்கிராஜாவின் காலை ஒட்டிப் பந்து போனது. படவில்லை. தெரிந்தே ஊதினேன். புதியம்புத்தூருக்கும் ஒரு பெனால்டி கார்னர். "சார், படல சார்!" என்றான். முகத்தைப் பார்க்காமல் கையை நீட்டினேன்.

கோல் கோட்டிலிருந்து முதல் ஆளாக ஓடி வந்து அடியைத் தடுக்க வேண்டியவனும் அவனே. அடித்த பந்து அவன் இடது கையில் பட்டது. தெறித்ததை எவனோ உள்ளே தள்ளினான். 1-1.

முடிந்ததும் இரண்டு பக்கமும் எனக்குக் கை கொடுத்தார்கள். தங்கராஜ் அண்ணாச்சி: "மொத ஆட்டம் மாதிரியே இல்ல. ஒரு பக்கமும் சத்தமில்ல பாத்தீயளா?"

இரவுச் சோற்றை மூடி வைக்கச் சொல்லிவிட்டேன்.

மே 5, திங்கள்

டீக்கடையில் கேள்விப்பட்டது. இசக்கிராஜாவுக்கு இரண்டு விரல் எலும்பு முறிவு. ஆறு வாரம் கட்டு. 19ஆம் தேதி ரயில்வே வேலைக்கான தேர்வு ஆட்டம். வயது வரம்பு அவனுக்கு இந்த வருடத்தோடு முடிகிறது.

கடையில் இன்று யாரோடும் பேரம் பேசவில்லை. கேட்ட விலைக்குக் கொடுத்தேன். கணக்கப்பிள்ளை ஒரு மாதிரிப் பார்த்தார்.

மே 7, புதன்

இசக்கிராஜா வீட்டுக்குப் போனேன். அவன் அம்மா தீப்பெட்டி ஆபீசுக்கு வேலைக்குப் போகிறவர், இன்று போகவில்லை. "ஏலே, எந்திரி. அம்பயர் சாரு வந்திருக்காவ. வேற எவன் எட்டிப் பாத்தான்?" கலர் சோடா வாங்கி வந்து உடைத்துக் கொடுத்தார். குடிக்கவும் முடியவில்லை, வைக்கவும் முடியவில்லை.

அம்மா உள்ளே போனதும் சொன்னேன். "அன்னைக்கு உன் கால்ல பந்து படல."

"தெரியும் சார். என் காலுதான?"

கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

ஆஸ்பத்திரிச் செலவு நான் பார்க்கிறேன், கை சரியானதும் கடையில் பொறுப்பான வேலை என்றேன். மேலே சுற்றும் விசிறியைப் பார்த்துக்கொண்டே சொன்னான்:

"அவியளுக்கு ஒண்ணு தப்பா போச்சு, எங்களுக்கு எதிரா ஒண்ணு குடுத்து சரிக்கட்டுனீங்க. இப்ப என்னைச் சரிக்கட்டுதீங்க. வேண்டாம் சார்."

வாசல் வரை வந்து அம்மா கும்பிட்டார். அதுதான் தாங்கவில்லை.

மே 14, புதன்

லேசான தூறல். மூட்டைகளுக்குத் தார்ப்பாய். ஹாக்கி சங்கத்திலிருந்து போன்: "அண்ணாச்சி, ஞாயித்துக்கிழம குளத்தூர் ஆட்டம். நீங்கதான் வேணும்னு கேக்காவ." வேண்டாம் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். சரி என்றேன். ஏன் என்று தெரியவில்லை.

மே 18, ஞாயிறு

குளத்தூர் அணி. வெளியே நின்றவர்களில் பாதிப் பேர் என் கடைக்கு வத்தல் கொண்டு வருகிறவர்கள்.

மறுபடி தப்பு. குளத்தூர் பையன் காலில் பட்டதாக ஊதினேன், எதிரணிக்குக் கோல். ஆட்டம் மறுபடி தொடங்கிய பிறகுதான், பட்டது மட்டையில் என்று உறைத்தது. இனி மாற்ற முடியாது. இடைவேளையில் குளத்தூர் கேப்டனிடம் போய்ச் சொன்னேன்: "அது என் தப்பு."

"அப்ப ஒண்ணு திருப்பிக் குடுத்துருங்க சார். முடிஞ்சுபோச்சு."

"குடுக்க முடியாது."

"என்ன சார், நீங்க ரெண்டு பக்கமும் சரிக்கட்டுத ஆளுன்னுல்ல சொன்னாவ?"

கடைசி நேரம். எதிரணித் தடுப்பாட்டக்காரன் காலருகே பந்து. குளத்தூர்க் கூட்டம் மொத்தமும் "காலு, காலு" என்று கத்தியது. விசில் பல்லுக்கிடையில். படவில்லை. ஊதவில்லை. 1-0. குளத்தூர் தோற்றது.

கை கொடுக்க ஒருவரும் வரவில்லை. "வெலையில அடிக்கது பத்தாதுன்னு இங்கனயும் அடிக்காரு." சொன்னவர் என் கடையில் உட்கார்ந்து சாப்பிட்டவர். தங்கராஜ் அண்ணாச்சி தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

மே 19, திங்கள்

காலையிலேயே புழுக்கம். குளத்தூர் வண்டி வந்தது. வேகம் குறையாமல் நம் கடையைத் தாண்டி எதிர்க்கடையில் போய் நின்றது.

"போன் போட்டுப் பேசுவமா அண்ணாச்சி?" என்றார் கணக்கப்பிள்ளை. வேண்டாம் என்றேன்.

மூட்டை இறங்குவதைப் பார்த்துக்கொண்டு நின்றபோது மனது லேசானது. இசக்கிராஜாவுக்கு அங்கே போனது, எனக்கு இங்கே போனது, சரிக்குச் சரி என்று. மறுபடி அதே புத்தி.

அவன் இல்லாமல் ரயில்வே தேர்வு ஆட்டம் இந்நேரம் தொடங்கியிருக்கும். எனக்கு நாளைக்கு வேறு வண்டி வரும்.