ஞாயிற்றுக்கிழமை ஆசாரி

காஜா பெராங், மலாக்கா
5-7-1959

அன்புள்ள அம்மாவுக்கு,

மகள் சிவகாமசுந்தரி எழுதும் கடிதம். நானும் அப்பாவும் சுகம்தான். உங்கள் முதுகுவலி குறைந்ததா? தம்பி தியாகு மருந்து குடிக்க அடம்பிடிக்கிறானா?

முதலில் முக்கியமான விஷயம். அப்பாவின் பஸ் டிப்போவில் எல்லோரும் இதையே பேசுகிறார்களாம். புதுச் சட்டம் வருகிறதாம். கணவர் இங்கேயும் மனைவி இந்தியாவிலும் ஐந்து வருடம் பிரிந்திருந்தால், இந்த டிசம்பர் முதல் தேதிக்குப் பிறகு அந்த மனைவியைத் திரும்ப உள்ளே விடமாட்டார்களாம். தம்பியைப் பெற்றெடுக்க நீங்கள் கப்பல் ஏறியது 1954 நவம்பரில். எனக்கு அப்போது எட்டு வயது. இப்போது பதின்மூன்று. ஆகையால் நவம்பர் கப்பலிலாவது நீங்கள் வந்துவிட வேண்டும்.

இந்த வீட்டைப் பற்றி நீங்கள் குறை சொன்னது எல்லாம் எனக்கு நினைவிருக்கிறது. அடுக்களை இருட்டு. வாசலில் சேறு. டிப்போவிலிருந்து அப்பா தூக்கி வரும் பழைய சாமான்களால் கால் வைக்க இடமில்லை. எங்கள் ஆங்கில ஆசிரியை ஒரு பழைய பத்திரிகை கொடுத்தார். சீமையில் வீட்டையும் தோட்டத்தையும் வேடிக்கையாக அலங்கரிப்பது பற்றியது. ஒருவர் உடைந்த படகைத் தரையில் பதித்து அதற்குள் பூச்செடி வளர்க்கிறார். இன்னொருவர் வண்டிச் சக்கரத்தை ஜன்னல் ஆக்கியிருக்கிறார். அதைப் பார்த்ததும் எனக்கு ஒன்று தோன்றியது. நம் வீட்டில் இருப்பது குப்பை இல்லை, அம்மா. இன்னும் இடம் கிடைக்காத சாமான்கள்.

அப்பாவிடம் காட்டினேன். வெகுநேரம் பார்த்துவிட்டு, "சீமைக்காரனுக்கு வேற வேலை இல்லை" என்றார். ஆனால் பத்திரிகையைத் திருப்பித் தரவில்லை.

தீபாவளிப் பாவாடைக்கு வழக்கம்போல என் அளவு நூலை வைத்திருக்கிறேன். நடு முடிச்சு இடுப்பு, நூலின் முழு நீளம் நான். நீங்கள் வருடா வருடம் என்னை அளந்து, வயதைத் துணித்துண்டில் எழுதிக் கட்டிய நூல்கள் பிஸ்கட் டின்னில் அப்படியே இருக்கின்றன. தம்பியின் நூலையும் அனுப்புங்கள். அவனுக்கு ஒன்று செய்யப்போகிறேன்.

உங்கள் அன்பு மகள்,
சிவகாமசுந்தரி

*

நாகப்பட்டினம்
20-7-1959

என் கண்ணு சிவகாமிக்கு,

அம்மாவின் ஆசிகள். உன் நூல் வந்தது. பிரித்துச் சுவரில் பிடித்துப் பார்த்தேன். என் காதுவரை வளர்ந்துவிட்டாய். நான் பார்க்காமலே வளர்ந்துவிட்டாய்.

இங்கே உன் மாமா வீட்டில் எல்லோரும் சுகம். பின்கட்டு அறையில் மெஷினைப் போட்டுத் தைக்கிறேன். ஆடி மாதம், வேலை குறைவு. தியாகு நூல்கண்டுகளை வண்டி என்று உருட்டி விளையாடுகிறான். ஒரு பூச்செடி வைக்கலாம் என்றால் முற்றம் உன் மாமியுடையது. தொட்டி வைத்தால் நடக்கத் தடையாம்.

சட்டத்தைப் பற்றி இங்கேயும் சொன்னார்கள். நீ என்னை வரச்சொல்லி எழுதுகிறாய். உன் அப்பா என்ன சொன்னார்? பிள்ளை பெற்றவளைக் கணவர் நேரில் வந்து, முடியாவிட்டால் வரச்சொல்லி எழுதி, அழைத்துக்கொள்வதுதான் நம்மில் முறை. மலாக்கா ஆஸ்பத்திரியிலேயே பெற்றுக்கொள் என்று அவர் சொன்னார், நான் கேட்கவில்லை. அந்தக் கோபத்தில் கப்பல் துறையில், "போகத் தெரிஞ்சவளுக்கு வரவும் தெரியும்" என்று சொல்லிவிட்டுத் திரும்பிக்கூடப் பாராமல் நடந்தார். அதன் பிறகு மாதம் தவறாமல் பணம் வருகிறது. ஒரு வரி வந்ததில்லை. உறைமேல் முகவரிகூட உன் கையெழுத்துதான்.

இதையெல்லாம் உனக்கு எழுதியிருக்கக் கூடாது. படித்துவிட்டு மறந்துவிடு. வெயிலில் அலையாதே.

அன்புடன்,
அம்மா கமலவேணி

*

காஜா பெராங்
9-8-1959

அன்புள்ள அம்மாவுக்கு,

நல்ல செய்தி. அடுக்களையில் இப்போது வெளிச்சம். சுவர்ப் பலகையை அறுத்து ஒரு பஸ் ஜன்னலைப் பொருத்தியாகிவிட்டது. நிஜமான பஸ் ஜன்னல். இரண்டு பக்கமும் அழுத்திப் பிடித்தால் கண்ணாடி கீழே இறங்கும். சமைத்துக்கொண்டே தோட்டத்தைப் பார்க்கலாம். கிளேபாங்குக்குப் பிரயாணம் செய்வதுபோல் இருக்கிறது, ஆனால் வெளியே எதுவும் நகராது. சட்டத்துக்கு நீல வண்ணம் அடித்திருக்கிறது. உங்கள் கல்யாணப் புடவையின் நீலம்.

வாசல் சேறும் போய்விட்டது. நான் அத்தையாக நினைக்கும் அடுத்த வீட்டுப் பூங்காவனம் மாச்சிக்கின் பூனை அவர்களுடைய பூப்போட்ட பீங்கான் தட்டுகளைத் தள்ளி உடைத்துவிட்டது. துண்டுகளைக் கூடையோடு கொண்டுவந்து கொடுத்தார். அவற்றைச் சிமெண்டில் பதித்து வாசலிலிருந்து படிவரை ஒரு பாதை. ஓரத்தில் சோடா பாட்டில்களைத் தலைகீழாகப் புதைத்து வரிசை. மாலை வெயில் பட்டால் பச்சையாக மின்னும். மலாக்கா செட்டிக் குடும்பம், பெயர்தான் தமிழ், மாச்சிக்குக்குத் தமிழ் வராது என்பது உங்களுக்குத் தெரியுமே. செட்டி மலாயில் ஏதோ பாட்டாகவே பாடி, என் கன்னத்தைக் கிள்ளிவிட்டுப் போனார்.

இதையெல்லாம் யார் செய்தது என்று கேட்பீர்கள். ஜெயபாலன் ஆசாரி என்று ஒருவர். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வருவார். அதிகம் பேசமாட்டார். ஆணிகளை வாயில் கவ்விக்கொண்டு வேலை செய்வார். நான் ஏதாவது கேட்டால் "ம்" என்பார், அவ்வளவுதான்.

தம்பியின் நூல் இன்னும் வரவில்லை.

அன்பு மகள்,
சிவகாமசுந்தரி

*

நாகப்பட்டினம்
25-8-1959

கண்ணு சிவகாமிக்கு,

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். ஜன்னல் வழியாக நானும் எட்டிப் பார்த்தாற்போல் இருந்தது. அந்த நீலம் உனக்கு எப்படி நினைவிருந்தது? அந்தப் புடவையை நீ பார்த்ததே இல்லையே. நீ பிறக்கும் முன்பே விற்றுவிட்டோம்.

ஆணியை வாயில் கவ்வி வேலை செய்யும் ஒருவரை எனக்குத் தெரியும். பல்லுக்குக் கெடுதல், விழுங்கிவிட்டால் என்ன ஆகும் என்று பத்து வருடம் சொன்னேன், கேட்டதில்லை. உன் ஆசாரிக்கும் அதையே சொல். அவர் எந்த ஊர்? வயது என்ன இருக்கும்? சும்மாதான் கேட்கிறேன்.

மாமாவிடம் நவம்பர் கப்பல் தேதியை விசாரிக்கச் சொல்லியிருக்கிறேன். விசாரிக்கத்தான். உடனே துள்ளாதே.

அன்புடன்,
அம்மா

*

காஜா பெராங்
6-9-1959

அன்புள்ள அம்மாவுக்கு,

கப்பல் தேதி கேட்டதற்கு நான் துள்ளவில்லை. ஒரே ஒரு தடவைதான்.

நீங்கள் கேட்டதற்குப் பதில்: ஜெயபாலன் ஆசாரி கிளேபாங்கைச் சேர்ந்தவர். வயது அறுபது இருக்கும். தலை முழுவதும் நரை. அவருக்கு ஆறு பிள்ளைகள், மூத்தவர் குருபோங்கில் ரப்பர் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி. புடவையின் நீலத்தை அப்பா எப்போதோ சொன்னது, எனக்கு நினைவிருந்தது. அப்பா டிப்போ வேலையில் களைத்து வருவதால் தோட்டத்துப் பக்கம் வருவதில்லை.

வாசலில் பஸ்ஸின் ஊர்ப்பலகையை மாட்டியிருக்கிறது. கைப்பிடியைத் திருப்பினால் ஊர் மாறும். கிளேபாங், தெங்கேரா, குருபோங் என்று தினம் ஒரு ஊராகத் திருப்புகிறேன். போன செவ்வாய் ஒரு சீனத் தாத்தா கையில் கோழியோடு நம் வாசலில் அரைமணி நேரம் நின்றார். பிறகுதான் அவர் கிளேபாங் பஸ்ஸுக்குக் காத்திருக்கிறார் என்று தெரிந்தது. அப்பா மோட்டார் சைக்கிளில் கொண்டுபோய் விட்டுவந்தார். அன்றிலிருந்து பூங்காவனம் மாச்சிக் வேலியருகே வரும்போதெல்லாம், "பாஸ் சூடா சம்பாய்?" என்று கேலி செய்கிறார். பஸ் வந்துவிட்டதா என்று அர்த்தம். இன்னும் இல்லை என்று சொல்வேன்.

வாசல் கேட்டிலிருந்து அடுக்களைவரை கயிறு கட்டி பஸ் மணி வைத்திருக்கிறது. அடுக்களையில் எப்படிக் கேட்கிறது என்று தெரிந்துகொள்ள, கேட்டில் இழுத்துவிட்டு உள்ளே ஓடினேன். ஓடி முடிப்பதற்குள் சத்தம் நின்றுவிட்டது. நாலு தடவை ஓடினேன். அதற்கு இரண்டு பேர் வேண்டும்.

ரம்புத்தான் மரத்தடியில் தம்பிக்கு ஒரு வீடு. பஸ்ஸின் முன்பக்கத் தகரம், இரண்டு விளக்கு, ஒரு ஸ்டியரிங். அதற்குச் சின்னக் கதவு. அவன் நூல் வராததால் பிஸ்கட் டின்னிலிருந்து என் நான்கு வயது நூலை எடுத்து, அந்த உயரத்துக்குக் கதவு போட்டாயிற்று. சரியாக இருக்கும், இல்லையா?

அன்பு மகள்,
சிவகாமசுந்தரி

*

நாகப்பட்டினம்
4-10-1959

சிவகாமிக்கு,

பாவாடையைத் தனியாகப் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். கீழே இரண்டு மடிப்பு விட்டிருக்கிறேன். வளர்ந்தால் பிரித்துக்கொள்.

கண்ணு, நான் சொல்வதைப் பொறுமையாகப் படி. நான் வரவில்லை. தியாகுவை விஜயதசமிக்கு இங்கே பள்ளியில் சேர்க்கப்போகிறேன்.

நடுவில் எனக்கு ஒரு எண்ணம் வந்தது. அந்த ஆசாரி வேறு யாரோ அல்ல என்று. நாற்பது நாள் அந்த எண்ணத்தோடு தைத்தேன். ஒரு நாள் ரவிக்கையின் இரண்டு கைகளையும் ஒரே பக்கமாக வைத்துத் தைத்துவிட்டேன். உன் மாமி பார்த்துச் சிரித்தாள். பிறகு உன் கடிதம் வந்தது. ஆறு பிள்ளைகளின் தகப்பன், நரைத்த தலை. நானும் சிரித்தேன், என்னை நினைத்து.

ஆள் வைத்துக் கதவு ஜன்னல் போடுகிறவருக்கு, ஒரு தபால் எழுத நேரமில்லை. தோட்டத்துப் பக்கமே வருவதில்லை என்று நீயே எழுதியிருக்கிறாய். அப்படிப்பட்ட வீட்டுக்கு நானாக வந்து நின்றால் எப்படி இருக்கும்? இங்கே மாமி வீட்டில் ஓரமாக இருப்பதுபோல் அங்கேயும் ஓரமாக இருப்பேன். உன் தோட்டம் அழகு. அதில் குறை ஒன்றுமில்லை.

என்மேல் கோபப்படு. ஆனால் எழுதாமல் இருக்காதே.

அம்மா

*

காஜா பெராங்
25-10-1959

அம்மா,

ஜெயபாலன் ஆசாரி என்று யாரும் இல்லை.

எல்லாம் அப்பா. ஜன்னலை அறுத்தது, தட்டுத் துண்டுகளை ஒவ்வொன்றாகப் பூ பார்த்துப் பதித்தது, மணி, பலகை, தம்பியின் வீடு, எல்லாம். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வருவார் என்று எழுதினேனே, அன்றுதான் டிப்போ விடுமுறை. நீலத்துக்கு மூன்று வண்ணம் வாங்கி, கலந்து, "இது இல்ல, இது இல்ல" என்று இரண்டு வாரம் கலந்துகொண்டிருந்தார்.

முதல் நாளே சொன்னார்: "நான் செஞ்சேன்னு எழுதாதே. தெரிஞ்சா இதையும் குப்பைன்னுதான் சொல்லுவா. ஆசாரி செஞ்சாருன்னு எழுது." அந்தப் பெயரை வைத்தது நான். நீங்கள் ஊரும் வயதும் கேட்டதும் பயந்துபோனேன். அப்பாவுக்குக் கொடுத்த வாக்குப் போய்விடுமே என்று ஊர், நரை, ஆறு பிள்ளைகள் எல்லாவற்றையும் கற்பனையில் எழுதினேன். பள்ளியில் கட்டுரைக்கு முதல் மதிப்பெண் வாங்குகிறவள் என்ற திமிர். எழுதும்போது நன்றாக இருக்கிறது என்றுகூட நினைத்தேன்.

உங்கள் கடிதங்களை நான் சத்தமாகப் படிப்பேன். அப்பா அந்தப் பக்கம் திரும்பி உட்கார்ந்து எதையாவது துடைத்துக்கொண்டிருப்பார். நீங்கள் வரவில்லை என்று படித்த அன்று தம்பி வீட்டின் இரண்டு விளக்குகளையும் கழற்றித் துடைத்து, மறுபடி மாட்டி, மறுபடி கழற்றினார். "அப்பா, நீங்க ஒரு வரி எழுதுங்க" என்றேன். பேனாவைக் கையில் கொடுத்தேன். வைத்திருந்தார். பிறகு, "எனக்கு எழுத வராது, சிவகாமி. கையால செய்யத்தான் வரும்" என்றார்.

இந்தக் கடிதம் அவருக்குத் தெரியாது. கப்பல் நவம்பர் பதினெட்டு என்று டிப்போவில் சொன்னார்கள். வாருங்கள், அம்மா. பொய் சொன்னது நான்தான், அவர் இல்லை.

சிவகாமி

*

நாகப்பட்டினம்
3-12-1959

என் கண்ணு சிவகாமிக்கு,

உன் கடிதம் நவம்பர் நான்காம் தேதியே வந்துவிட்டது. தபால் தாமதம் என்று உன்னிடம் பொய் சொல்லமாட்டேன். நம் வீட்டில் ஒரு பொய் போதும்.

பெட்டியை இறக்கித் தூசி தட்டினேன். தியாகுவின் சட்டைகளை மடித்து வைத்தேன். பதினான்கு நாள் இருந்தது. தினமும் தபால்காரர் வரும் நேரத்துக்கு மெஷினை நிறுத்திவிட்டு வாசலுக்கு வந்தேன். அவர் செய்ததையெல்லாம் நீ சொன்னாய். அவர் சொல்லவேண்டும் என்று காத்திருந்தேன். "வா" என்று ஓர் எழுத்து. பதினேழாம் தேதியும் தபால் வந்தது, மாமாவுக்கு. பதினெட்டாம் தேதி கப்பல் சங்கு இங்கேவரை கேட்டது. தியாகு, "அம்மா, கப்பல்" என்றான்.

அவருக்கு எழுத வராது என்பது எனக்குத் தெரியாதா? தெரியும். ஜன்னல்தான் கடிதம் என்று எனக்குப் புரிந்திருக்க வேண்டும். பிடிவாதத்தில் நானும் அவரும் ஒன்றுதான், முந்தாநாளோடு சட்டத்தின் கெடுவும் முடிந்துவிட்டது. நடுவில் நீ தனியாக நின்று மணியை இழுத்துவிட்டு ஓடியிருக்கிறாய்.

நீ கேட்ட நூல் இதில் இருக்கிறது. தியாகு அசையாமல் நின்றான், ஒரு தடவைதான் சிரித்தான்.

அம்மா

*

காஜா பெராங்
10-1-1960

அன்புள்ள அம்மாவுக்கு,

பாவாடை அளவாக இருக்கிறது. மடிப்பைப் பிரிக்கவில்லை. நீங்கள் பார்க்கும்போது பிரிக்கலாம் என்று நினைத்தேன், பிறகு அது எப்போது என்று கணக்குப் போட முடியவில்லை.

பூங்காவனம் மாச்சிக் இப்போது பஸ் வந்துவிட்டதா என்று கேட்பதில்லை. நேற்று வேலிக்கு மேலே ஒரு கிண்ணம் பாயசம் நீட்டினார். இரண்டு பேரும் பஸ் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

உங்கள் கடிதத்தை முழுவதும் சத்தமாகப் படித்தேன், என் பொய், அவர் எழுதாதது, எல்லாவற்றையும். நடுவில் நிறுத்தவில்லை. அப்பா என்னைத் திட்டவில்லை. நூலை மட்டும் கேட்டு வாங்கினார். ரம்புத்தான் மரத்தடிக்குப் போய், சின்னக் கதவின் நிலையில் அதைத் தொங்கவிட்டுப் பார்த்தார். தம்பி என்னைவிட உயரம், அம்மா. நான்கு வயதில் நான் இருந்ததைவிட நாலு விரல் அதிகம். வந்திருந்தால் தலையில் இடித்துக்கொண்டிருப்பான். அப்பா நூலைக் கீழே வைக்காமல் ரொம்ப நேரம் நின்றார். படத்தில்தானே அவனைப் பார்த்திருக்கிறார்.

இன்று ஞாயிற்றுக்கிழமை. காலையிலிருந்து கதவைக் கழற்றி வேலை. ஆணிகளை ஒரு சிரட்டையில் போட்டு, என்னைப் பிடித்துக்கொள்ளச் சொன்னார். முடிந்ததும் கையைக் கழுவிவிட்டு வந்து, இந்தத் தாளில் அடியில் கொஞ்சம் இடம் விடு என்றார். விட்டிருக்கிறேன். இதோடு நான் நிறுத்துகிறேன்.

அன்பு மகள்,
சிவகாமசுந்தரி

கமலவேணிக்கு,
கதவை நாலு விரல் ஒசத்திட்டேன். ஆணியை வாயில் வைக்கவில்லை.
சேதுபதி