ஆறாவது கேள்வி

மைசூரு,
8 ஜூன் 2025

அன்புள்ள டாடிக்கு,

நான் நலம். நீங்களும் மம்மியும் நலமா? போனில் பேசினால் மூன்றாவது நிமிடமே சண்டை வந்து யாராவது ஒருவர் கட் செய்துவிடுகிறோம். கடிதத்தைக் கட் செய்ய முடியாது. அதனால் எழுதுகிறேன், முழுசாகப் படியுங்கள்.

"முதல்ல பாஸ் ஆவு, அப்புறம் ஆராய்ச்சி பண்ணு" என்றீர்கள். பாஸாகிக்கொண்டுதான் இருக்கிறேன், டாடி. எம்.பி.பி.எஸ். படிக்கும்போதே இரண்டு மாதம் ஆராய்ச்சி செய்ய உதவித்தொகை கிடைத்திருக்கிறது. எங்கள் வகுப்பில் இரண்டே பேருக்கு! ஆனால் அதற்கென்று கல்லூரி ஒரு நாள்கூட லீவு தராது. காலையில் வார்டு, மதியம் வகுப்பு. வருகைப்பதிவு குறைந்தால் பரீட்சை எழுத முடியாது. வழிகாட்டும் மேடம் லிஃப்டில் ஏறி இறங்குகிற நேரத்தில்தான் பேசக் கிடைக்கிறார். ஆகஸ்ட் 31க்குள் அறிக்கை போகவேண்டும். அதை ஏற்றுக்கொண்டால்தான் பணமும் சான்றிதழும். அதுவரை பஸ் கட்டணம்கூட என் கையிலிருந்துதான்.

நம் ஊர்த் தங்கச் சுரங்கத்தில் உங்களோடு வேலை செய்தவர்களின் மூச்சைப் பற்றித்தான் ஆராய்ச்சி. நாற்பது பேர் வேண்டும். நீங்கள் கூப்பிட்டால் வருவார்கள். நீங்களும் வரவேண்டும். மாரிகுப்பம் ஸ்டேஷனிலிருந்து வீடு வருவதற்குள் இரண்டு இடத்தில் நிற்கிறீர்கள். கேட்டால் செருப்பு வாரைச் சரிசெய்கிறேன் என்கிறீர்கள். மூச்சை அளக்கும் கருவியில் ஒருநாள் ஊதித்தான் பாருங்களேன்.

உங்கள் மகள்,
நிக்கோல்


மாரிகுப்பம்,
15 ஜூன் 2025

அன்பு மகள் நிக்கோலுக்கு டாடி எழுதுவது.

கர்த்தர் கிருபையால் இங்கே சுகம். உன் கடிதத்தைக் கட் செய்யாமல் படித்தேன்.

ஊசி போட்டு மாத்திரை எழுதப் போகிறவளுக்கு ஆராய்ச்சி எதற்கு என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. அதைச் சொன்னதற்கு உன் மம்மி, "பொண்ணு கேட்டதைச் செய்யாம இன்னா வெட்டி முறிக்கிறீங்க?" என்று என் சாப்பாட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். ஆகவே ஏற்பாடு செய்துவிட்டேன். 29ஆம் தேதி ஞாயிறு ஆராதனை முடிந்ததும், ஆண்டர்சன்பேட்டை சர்ச் ஹால். நாற்பது பேரையும் ஷிஃப்டாகப் பிரித்திருக்கிறேன். என்னோடு மைன்ஸில் இருந்த டென்சிலும் ராஜப்பாவும் இரண்டாவது ஷிஃப்ட். பிரியாணி உண்டா என்று ராஜப்பா இரண்டு தடவை கேட்டுவிட்டான்.

எனக்கு மூச்சில் ஒரு குறையும் இல்லை. விடியற்காலை ரயிலைப் பிடித்து பெங்களூரு போய் செக்யூரிட்டி வேலைக்கு நாள் முழுக்க நிற்கிறேன். மூச்சில்லாதவன் செய்கிற வேலையா அது? பங்காருப்பேட்டையில் வாங்கிய செருப்பு, வார் சரியில்லை. அவ்வளவுதான்.

வேளைக்குச் சாப்பிடு.

டாடி


மைசூரு,
20 ஜூலை 2025

டாடி,

'அன்புள்ள' எழுத இன்று கை வரவில்லை.

நீங்கள் கூரியரில் அனுப்பிய நாற்பது படிவங்களும் வந்தன. அன்று சர்ச் ஹாலில் எங்களுக்கு ரயிலுக்கு நேரமாகிவிட்டது. கருவியில் ஊதவைத்து அளவை மட்டும் படிவத்தில் குறித்துவிட்டு, கேள்விகளுக்கு அவரவர் வீட்டில் பதில் எழுதட்டும் என்று உங்களை நம்பி விட்டுவந்தேன். என் புத்தியைத்தான் சொல்லவேண்டும்.

ஆறாவது கேள்வி: சமதரையில் நடக்கும்போது மூச்சு வாங்கி நிற்பதுண்டா? நாற்பது பேரும் 'இல்லை'. ஒருவர் விடாமல்! டென்சில் அங்கிள் 'ஸ்தோத்திரம்' என்று சொல்லி முடிப்பதற்குள் இரண்டு தடவை மூச்சு வாங்குகிறார். அவரும் 'இல்லை'!

பெயர் எழுதக்கூடாது, எது யாருடையது என்று எனக்கே தெரியக்கூடாது என்று படித்துப் படித்துச் சொன்னேன். எல்லோரும் படிவத்தின் மேலே தங்கள் பழைய மைன்ஸ் டோக்கன் நம்பரைப் போட்டிருக்கிறார்கள். கூடவே உங்கள் கையெழுத்தில் ஒரு சீட்டு: "பேர் இல்லாத பேப்பர் தொலைஞ்சிடும்னு நான்தான் போடச் சொன்னேன்." மேடம் லிஃப்டை விட்டு இறங்கி நின்று திட்டினார். ஆகஸ்ட் பத்துக்குள் நானே நேரில் கேட்டுப் புதுப் படிவத்தில் எழுதாவிட்டால் ஆராய்ச்சியை விட்டுவிட வேண்டியதுதானாம். நடுவில் முதல் தேதி பார்மகாலஜி பரீட்சை.

இன்னொன்று. 3146. நம் வீட்டு சூட்கேஸ் பூட்டு, உங்கள் போன் எல்லாவற்றுக்கும் அந்த நம்பர்தான். நாற்பது பேரில் மிகக் குறைந்த மூச்சு அந்தப் படிவத்தில் இருக்கிறது. அன்று வேண்டுமென்றே என் மேசைக்கு வராமல், என்னோடு படிக்கிற ரோனியின் மேசைக்குப் போனீர்கள். அவன் கருவி கெட்டுவிட்டது என்று நினைத்து உங்களை மூன்று தடவை ஊதவைத்தானாம். கருவி கெடவில்லை, டாடி.

எனக்குக் கோபமாக இருக்கிறது. பயமாகவும் இருக்கிறது. புத்தகத்தைத் திறந்தால் அந்த நம்பர்தான் தெரிகிறது.

நிக்கோல்


மாரிகுப்பம்,
27 ஜூலை 2025

அன்பு மகள் நிக்கோலுக்கு,

நீ திட்டியது சரி. ஆனால் டென்சிலின் ஸ்தோத்திரத்தை இழுத்திருக்க வேண்டாம்.

மைன்ஸில் இருந்தபோது டாக்டர் "இளைப்பு இருக்குதா?" என்று கேட்டால் "இல்ல சார்" என்போம். இருக்கிறது என்றால் கேஜில் ஏற்றிச் சுரங்கத்துக்குள் இறக்கமாட்டார்கள், மேலே தரை வேலையில் போட்டு சம்பளம் குறைந்துவிடும் என்று பயம். அந்தப் பழக்கம் போகவில்லை. அதோடு, எல்லோரும் நன்றாக இருப்பதாகச் சொன்னால் உனக்கு மார்க் கூடும் என்று நினைத்து, நான்தான் எல்லோரையும் 'இல்லை' போடச் சொன்னேன். வெறும் முட்டாள்தனம்.

மூன்று நாளாக ராஜப்பாவின் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து, ஊரிகம் வரைக்கும் வீடு வீடாகப் போய் உண்மையைச் சொல்லச் சொல்லிவிட்டு வந்தேன். "இன்னா வால்டரு, போன மாசம் இல்லன்னு எழுதச் சொன்ன, இப்ப ஆமாம்னு சொல்லச் சொல்ற. ஒரு முடிவுக்கு வா நைனா" என்று டென்சில் கத்தினான். ஆனாலும் வருவான். ஆகஸ்ட் 3 ஞாயிறு, அதே ஹால். நான் வாசலோடு சரி, வாயைத் திறக்கமாட்டேன்.

ஆறாவது கேள்விக்கு என் பதில்: ஆமாம். எப்போதிருந்து என்றும் படிவத்தில் கேட்டிருந்தாய். நீ ஏழாம் வகுப்பு படித்தபோதிருந்து. சொன்னால் மம்மி என்னை வேலைக்கு விடமாட்டாள், நீயும் படிப்பைப் போட்டுவிட்டு ஓடி வந்துவிடுவாய் என்று மறைத்தேன். நேற்று மம்மியிடம் சொல்லிவிட்டேன். இந்தத் தடவை அவள் தட்டை எடுக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து அழுதாள். நாளைக்கு எக்ஸ்ரே எடுக்கப் போகிறோம்.

பரீட்சையை ஒழுங்காக எழுதிவிட்டு வா. ஸ்டேஷனில் நிற்பேன். இருவரும் மெதுவாக நடந்து வீட்டுக்கு வரலாம். நான் எங்கே நின்றாலும் நீயும் நில். செருப்பு வார் நன்றாகத்தான் இருக்கிறது.

டாடி