சோறு வெந்துச்சா

ஞாயிறு இரவு, வில்லியனூர்.

கால் கடுக்கிறது. மகள் ஸ்டெல்லா என்னையும் அவள் அப்பாவையும் டவுனுக்கு நாடகம் பார்க்க வம்படியாக இழுத்துப் போனாள். டிவியில் எப்போது போட்டாலும் நாங்கள் பார்க்கும் அந்தப் பழைய காமெடிப் படத்தை, பாட்டும் ஆட்டமுமாக மேடையேற்றியிருந்தார்கள். மாமியார் வீட்டில் மாப்பிள்ளை பசியோடு 'சோறு வெந்துச்சா?' என்று கேட்கும் வசனத்தைக்கூடப் பாட்டாக்கிவிட்டார்கள். எனக்குப் பிடிக்கவில்லை. என் வீட்டுக்காரர் தினமும் அடுப்படி வாசலில் வந்து நின்று என்னைக் கேட்ட வசனம் அது. பக்கவாதம் வந்த பிறகு அவருக்கு ஒரு வார்த்தைகூட வரவில்லை. எல்லாம் கைஜாடைதான்.

அந்தப் பாட்டு மறுபடி வந்தபோது பக்கத்தில் யாரோ கூடவே பாடினார்கள். திரும்பினால் இவர். ஒரு எழுத்து பிசகவில்லை.

ஸ்டெல்லா அழுதுவிட்டாள். "அம்மா, அப்பா பேசுதும்மா!"

வீட்டுக்கு வந்து, "இன்னா வேணும், வாயால சொல்லுங்க" என்றேன். வாய் கோணியதே தவிர சத்தம் வரவில்லை. மெட்டை முனகிக் காட்டினேன். உடனே 'சோறு வெந்துச்சா?' என்று பாடினார். சோறு போட்டேன். சாப்பிட்டு முடித்தும் அதையே பாடினார். தண்ணீருக்கும் அதே வரி, ஃபேன் போடவும் அதே வரி. "இப்பதான துன்னீங்க!" என்று கத்திவிட்டேன். அவர் முகம் சுருங்கிவிட்டது.

பிறகு அதே மெட்டில் 'தண்ணி குடு மேரி' என்று என் பேரையும் சேர்த்துப் பாடிக் காட்டினேன். கோயில் பாடற்குழுவில் வேண்டாம் என்று அனுப்பிய குரல் என்னுடையது. அவர் என் வாயையே பார்த்தார். 'தண்ணி' வரைக்கும் வந்தார்.

நாளைக்கு 'குடு'. 'மேரி' வர எத்தனை நாளாகுமோ.