இரண்டு காதுக்குமான கீபோர்டு

14.7.2004, புதன்

இவ்வளவு நேரம் கழித்து எழுதுவது தப்புதான். அவர் நைட் ஷிஃப்டுக்குப் போய், பாப்பாவும் தூங்கிய பிறகுதான் கை ஒழிந்தது.

அவர் பகலில் தூங்குவதால் ஹெட்போனில்தான் கீபோர்டு வாசிப்பேன். அதையும் இடது காதில் மட்டும் வைப்பேன். வலது காது தூளியில் இருக்கும் பாப்பாவுக்கு. பழைய கீபோர்டு மோனோ. இரண்டு பக்கமும் ஒரே சத்தம் என்பதால் ஒரு காதே போதும். புதியது ஸ்டீரியோ. இன்று மேல் ஸ்வரங்கள் அடுத்த வீட்டில் யாரோ வாசிப்பதுபோல மெலிந்து கேட்டன. ஏன் என்று பார்க்க வலது காதிலும் வைத்தேன். கீழிருந்து மேலே வாசிக்க வாசிக்க, சத்தம் இடது காதிலிருந்து வலது காதுக்கு நடந்து போனது! திரும்பத் திரும்ப நடக்கவிட்டுப் பார்த்தேன்.

பக்கத்து வீட்டு மல்லிகா அக்கா வந்து தோளை உலுக்கியபோதுதான் நிமிர்ந்தேன். “இன்னாம்மா, புள்ள கத்திக் கத்தித் தொண்டயே கட்டிப்போச்சு. காதுல இன்னாத்த மாட்டிக்கினு குந்தினுகீற?”

அக்காவின் சத்தத்தில்தான் அவரும் எழுந்தார். “அதுல மோனோவுக்கு மாத்திக்கிடலாம்லா? ஒத்தக் காதே போதும்” என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

மாற்றிவிட்டேன். இப்போது எல்லா ஸ்வரமும் ஒரே இடத்தில் நிற்கின்றன. பாப்பா எவ்வளவு நேரம் அழுதாள் என்று அக்காவிடம் கேட்கத் தைரியம் வரவில்லை. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை அவருக்கு லீவு. பாப்பாவை அவர் மடியில் கொடுத்துவிட்டு, அரை மணி நேரம் இரண்டு காதையும் நானே வைத்துக்கொள்ளப் போகிறேன்.