இருபத்து நாலு பேரும் சொன்ன ஒரே பதில்

திண்டிவனம்,
12-7-2024

என் தங்கை பெற்ற தங்கமும், விழுப்புரம் ஜில்லாவிலேயே ஊசி போடத் தெரியாத ஒரே டாக்டராக ஆகப்போகிறவளுமான அனுஷாவுக்கு மாமா பார்சுவநாத் எழுதுவது.

இங்கே நானும் உன் அத்தை குசுமாவும் பேத்தி சன்மதியும் சௌக்கியம். போன் இருக்கும்போது காகிதம் எதற்கு என்று கேட்பாய். நான் போனில் பேசினால் பல மைல் தள்ளி மேல்சித்தாமூர் ஜைன மடத்தில் தூங்குகிறவர்கள் எழுந்து உட்காருகிறார்களாம். உன் அத்தையின் புகார். அதனால் உனக்கு இனிமேல் தபால்தான்.

எங்கள் தெருப் பள்ளியில் சன்மதி படிக்கும் ஒன்றாம் வகுப்பில் இருபத்து நாலு பிள்ளைகள். அத்தனை பேரிடமும் நீ சோதனை நடத்தலாம் என்று தலைமை ஆசிரியை கோவிந்தம்மாள் சம்மதித்துவிட்டார். சும்மா கிடைத்த சம்மதம் இல்லை. நான் பேசிய பேச்சில் பள்ளிக்கூடத்துக் கூரையில் ஏழு ஓடு நழுவியது. "பசங்க மூளை எந்த வயசுல எப்படி வளருதுன்னு எங்க அனுஷா கண்டுபிடிக்கப் போறா. நாட்டுல இருக்கிற பாடப் புத்தகம் மொத்தத்தையும் மாத்தி எழுதணும், தெரிஞ்சிக்குங்க!" என்றேன். அந்த அம்மா, "எழுதட்டும் சார். மொதல்ல பெஞ்சு மேல நின்னுக்கினு பேசாம கீழ எறங்குங்க" என்றார்.

எனக்கு ஒரு மனக்குறை. போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் சன்மதியை வைத்து ஒத்திகை பார்த்தாய் அல்லவா? ஒரே மாதிரி இரண்டு டம்ளர், சமமாகத் தண்ணீர். "சமம்" என்றாள். அவள் கண்ணெதிரே ஒரு டம்ளர் தண்ணீரை ஒல்லியான, உயரமான கிளாசில் ஊற்றி, "இப்ப எதுல ஜாஸ்தி?" என்று கேட்டாய். "ஒசரமா இருக்கறதுல!" என்றாளே! நீயானால் லாட்டரி விழுந்தவள் போலச் சிரித்துக்கொண்டு நோட்டில் எழுதுகிறாய். உங்கள் காலேஜில் வேர்க்கடலை என்பார்களே, அந்த மல்லாட்டையை மூன்று தலைமுறையாக மண்டி வைத்து அளந்து விற்கும் குடும்பம் இது. என் தாத்தா உற்றுப் பார்த்தால் மூட்டையே பயந்துபோய்த் தன் எடையைச் சொல்லும். அந்த வீட்டுப் பிள்ளை ஒரு கிளாஸ் தண்ணீரில் தோற்றுப்போவதா?

நீ இருபத்தைந்தாம் தேதி வா. எங்கள் பிள்ளைகள் உன் மானத்தைக் காப்பாற்றுவார்கள். அதற்கு நான் ஜவாப்தாரி.

உன் மாமா,
பார்சுவநாத்


விழுப்புரம்,
3-8-2024

என் அருமை மாமாவுக்கு,

சந்தோஷத்தில் எழுத்து கோணினால் மன்னியுங்கள். ஐந்தாறு வயதில் பெரும்பாலான குழந்தைகள் உயரமான கிளாசில்தான் தண்ணீர் அதிகம் என்பார்கள். அது முட்டாள்தனம் இல்லை, அந்த வயதின் யோசனை அப்படி. ஏழு, எட்டு வயதில் அதுவே மாறும். இதில் பாஸும் இல்லை, ஃபெயிலும் இல்லை என்று அன்றைக்கே உங்களிடம் சொன்னேன், நீங்கள் காதில் வாங்கவில்லை.

விழுப்புரத்தில் நான் பார்த்த முப்பது பேரில் ஒன்பது பேர்தான் ‘சமம்’ என்றார்கள். இருபத்தைந்தாம் தேதி உங்கள் தெருவில் இருபத்து நாலுக்கு இருபத்து நாலு, ஒத்திகையில் மாற்றிச் சொன்ன சன்மதி உட்பட! என் வழிகாட்டி ஆரோக்கியராஜ் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். "என்னம்மா காரணம்?" என்று கேட்டார். எனக்குப் பளிச்சென்று பட்டது. மண்டிதான்! அந்தத் தெருக் குழந்தைகள் காலையிலிருந்து மல்லாட்டை அளப்பதையும் கொட்டுவதையும் பார்த்தே வளர்கிறார்கள். அதனால்தான் அளவு பற்றிய அறிவு முன்னாலேயே வந்துவிடுகிறது.

முப்பதாம் தேதி கருத்தரங்கில் இதைக் கட்டுரையாக வாசிக்கிறேன். அச்சிலும் வரும். என் ஆய்வேட்டின் முக்கியமான அத்தியாயம் இதுதான். முன்னுரையில் உங்களுக்கு நன்றி போட்டிருக்கிறேன்.

அன்புடன்,
அனுஷா


திண்டிவனம்,
8-8-2024

அனுஷாவுக்கு,

கடிதம் கிடைத்தது. சந்தோஷம். மண்டி காரணமாக இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். இங்கே நல்ல மழை. ஒரு பேச்சுக்குக் கேட்கிறேன், கருத்தரங்கை அடுத்த வருஷத்துக்குத் தள்ளிவைக்க முடியுமா? முன்னுரையில் என் பெயர் வேண்டாம். எனக்குக் கூச்சம்.

மாமா


திண்டிவனம்,
14-8-2024

அனுஷாவுக்கு,

போன கடிதத்தைப் படித்துவிட்டு உன் அத்தை கேட்டாள்: "கூச்சமா? ஒங்களுக்கா? என்ன பண்ணிட்டு வந்தீங்க?" அவளிடம் சொன்னதை உன்னிடமும் சொல்லிவிடுகிறேன். இதில் ஒரு சொல்கூடப் பெருக்கிச் சொல்லவில்லை.

நீ வருவதற்கு முன் பத்து நாள், அந்த இருபத்து நாலு பேருக்கும் நான் ட்யூஷன் எடுத்தேன். பள்ளி விட்டதும் மண்டி முற்றத்தில் உட்கார வைப்பேன். இருட்டினால் சாப்பிடாத ஜைன வீடு அல்லவா, பொழுது சாய்வதற்குள் அத்தை சாப்பிடக் கூப்பிடும்வரை நடக்கும். இரண்டு டம்ளர், ஒரு ஒல்லிக் கிளாஸ். ஊற்றிக் காட்டி, "என்ன சொல்லணும்?" என்பேன். "சமம்!" என்று கத்துவார்கள். சரியாகச் சொன்னால் ஆளுக்கொரு மல்லாட்டை உருண்டை. ஜிதேந்திரன் என்று ஒரு பொடியன் மட்டும், "ஏன் தாத்தா சமம்?" என்று கேட்டான். "அதெல்லாம் கேக்காதே, சமம்னு சொல்லு" என்றேன்.

பரீட்சை என்று எது வந்தாலும் பிள்ளைகளைத் தயார் பண்ணித்தான் எனக்குப் பழக்கம். இதுவும் அப்படித்தான் என்று நினைத்தேன். பாஸ் ஃபெயில் இல்லை என்று நீ சொன்னது, பரீட்சைக்கு முன்னால் எல்லோரும் சொல்லும் ஆறுதல் என்று எடுத்துக்கொண்டேன்.

இரண்டு வருஷம் நீ அலைந்த அலைச்சலில் நான் மண்ணைப் போட்டுவிட்டேன். பொய்யான கணக்கு உன் பெயரில் அச்சாகக் கூடாது. இனி என்னோடு பேசுவதும் பேசாததும் உன் இஷ்டம்.

பார்சுவநாத்


விழுப்புரம்,
4-9-2024

மாமாவுக்கு,

உங்கள் கடிதம் வந்த அன்று எனக்கு வந்த கோபத்தை உங்கள் பாஷையில்தான் எழுத முடியும். அந்தச் சூட்டில் ஒரு மூட்டை மல்லாட்டை வறுத்திருக்கலாம். நீங்களும் அத்தையும் அடித்த பதினோரு போனையும் நான் வேண்டுமென்றேதான் எடுக்கவில்லை.

கட்டுரையைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். ஆரோக்கியராஜ் சாரிடம் நடந்ததைச் சொன்னபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் தண்ணீர் டம்ளரை என் பக்கம் நகர்த்தினார். அப்புறம் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "அதே பசங்ககிட்ட இன்னொரு தரம் போம்மா. தண்ணி எடுத்துக்கினு போகாதே" என்றார்.

இருபத்தெட்டாம் தேதி உங்களுக்குச் சொல்லாமல் பள்ளிக்கு வந்துபோனேன். அதே டம்ளர், அதே ஒல்லிக் கிளாஸ். தண்ணீருக்குப் பதிலாக மோர். இருபத்து நாலு பேரில் ஏழு பேர்தான் ‘சமம்’ என்றார்கள். அப்படியே எங்கள் விழுப்புரத்துப் பிள்ளைகள் மாதிரி. சன்மதி உயரமான கிளாசைத் தொட்டு, "இதுலதான் ஜாஸ்தி" என்றாள். "தண்ணி ஊத்தறப்ப சமம்னு சொன்னியே?" என்று கேட்டேன். "தாத்தா தண்ணி மட்டும்தான் நடத்துனாரு. மோர் இன்னும் நடத்தல" என்றாள்.

மாமா, ஒரு வகுப்பறையில் என்ன நடக்கிறது என்று இதைவிடத் தெளிவாக யாரும் எனக்குச் சொன்னதில்லை. விடையைப் பத்து நாளில் வாயில் வைத்துவிடலாம். யோசனையை வைக்க முடியாது. பழைய அத்தியாயம் போய்விட்டது, இது புது அத்தியாயம். ஆறு மாதம் கூடுதலாகக் கேட்டு வாங்கியிருக்கிறேன்.

நீங்கள் ட்யூஷன் எடுத்ததைக்கூட மன்னித்துவிட்டேன். ஜிதேந்திரன் ‘ஏன்’ என்று கேட்டதை அடக்கினீர்களே, அதைத்தான் இன்னும் மன்னிக்க முடியவில்லை. அதற்கு ஒரு தண்டனை. இந்த ஆறு மாதமும் சன்மதி என்ன சொன்னாலும் நீங்கள் திருத்தக் கூடாது. "ஏன்?" என்று மட்டும் கேட்கலாம். அவள் சொன்னதைச் சொன்னபடி எனக்கு எழுத வேண்டும். வாயை மூடிக்கொண்டு இருக்க உங்களால் முடியுமா? முடியாது என்றால் இப்போதே சொல்லிவிடுங்கள், வேறு ஆளைப் பார்க்கிறேன்.

அனுஷா


திண்டிவனம்,
6-10-2024

ஆராய்ச்சி மகாராணி அனுஷா தேவியாரின் சமூகத்துக்கு, திண்டிவனம் கிளையின் தலைமை வேவுக்காரன் பார்சுவநாத் சமர்ப்பிக்கும் முதல் அறிக்கை.

என்னால் முடியாதா? ஒரு மாதமாக நான் அடக்கிவைத்த பேச்சைத் திறந்துவிட்டால் வீடூர் அணை நிரம்பிவிடும். கோவிந்தம்மாள் உன் அத்தையிடம் வந்து, "சாருக்கு ஒடம்பு கிடம்பு சரியில்லையா?" என்று விசாரித்துவிட்டுப் போனார்.

தண்டனைக்கு வெளியே ஒரு காரியமும் செய்தேன். ஜிதேந்திரனைக் கூப்பிட்டு, "அன்னிக்கு ஏன்னு கேட்டியே, இப்ப கேளுடா" என்றேன். விட்டானா? மல்லாட்டை ஏன் மண்ணுக்குள்ளே காய்க்குது, தராசு ஏன் ஆடுது, நீ ஏன் வழுக்கை என்று தினமும் நூற்றுக்கணக்கில் கேட்கிறான். பாதிக்கு எனக்கு விடை தெரியவில்லை. தெரியவில்லை என்று சொல்லப் பழகிவருகிறேன். முதல் வாரம் பல்வலி மாதிரி இருந்தது.

இனி சன்மதி விவகாரம். நேற்று சாயங்காலம் நானும் உன் அத்தையும் பக்கத்தில் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தோம். நான் அவள் தோளுக்குத்தான் வருவேன், உனக்குத் தெரியும். சன்மதி எங்களை ஏற இறங்கப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "பாட்டிக்குத்தான் வயசு ஜாஸ்தி."

உன் அத்தை, "அடியே, ஒங்க தாத்தா என்னைவிட ஏழு வயசு..." என்று ஆரம்பித்தாள். நான் பாய்ந்து அவள் வாயைப் பொத்தினேன். "ஆராய்ச்சி நடக்குது!" என்றேன். பிறகு சன்மதி பக்கம் திரும்பி, நீ அனுமதித்த அந்த ஒரே கேள்வியைக் கேட்டேன்.

"ஏன் கண்ணு?"

"பாட்டிதானே ஒசரம்? நீ இன்னும் வளரணும் தாத்தா."

அவள் சொன்னதில் ஒரு எழுத்தைக்கூட மாற்றாமல் எழுதியிருக்கிறேன். உன் அத்தைக்கு என் மேல் தீராத கோபம். எனக்கு இவ்வளவு சந்தோஷம் சமீபத்தில் வந்ததில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வந்துவிடு, பொழுது சாய்வதற்குள்.

உன்
மாமா